ஈரக் கைக்காரனும் நான்கு கை மருந்தும்

அந்தக் கடைத்தெருவில் செல்போன் பழுது பார்க்கும் கடைகள் நாலைந்து உண்டு. ஆனால் வாடிக்கையாளர் நீட்டும் போனைக் கையில் வாங்காத கடைக்காரன் ஒருவன்தான். யார் நீட்டினாலும், "இப்படி வைங்க" என்று மேஜைமேல் விரித்திருக்கும் வெள்ளைத் துண்டைக் காட்டுவான். சரி செய்த போனைத் திருப்பித் தரும்போதும் துண்டோடு சேர்த்துத்தான் நகர்த்தி வைப்பான். புதிதாக வருகிறவர்கள், "ஆறடிக் கடைக்கு இத்தனை கர்வமா?" என்று முணுமுணுத்துக்கொண்டு போவார்கள். அவனுடைய சிக்கல் கர்வம் அல்ல, கை என்பது பழகியவர்களுக்குத்தான் தெரியும்.

சின்ன வயதிலிருந்தே அவன் உள்ளங்கைகள் வியர்த்துக்கொண்டே இருந்தன. வெயிலில் வியர்த்தால் விசிறிக்கொள்ளலாம், ஓடி வியர்த்தால் உட்காரலாம். இவனுக்கோ குளிர்காலக் காலையில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் விரல் நுனியில் நீர் கோத்து நிற்கும். பள்ளிக்கூடத்தில் அவன் எழுதிய விடைகளைவிட அவன் கை அழித்த விடைகள் அதிகம். வட்டமாகக் கை கோத்து நிற்கச் சொன்னால், அவனுக்கு இரண்டு பக்கமும் வட்டம் அறுந்திருக்கும். பிள்ளைகள் அவனுக்கு 'ஊத்து' என்று பேர் வைத்தார்கள். அந்தப் பேர் வளர்ந்து, மீசை முளைத்து, கடைத்தெரு வரைக்கும் அவனோடு நடந்து வந்தது.

கடையில் அவன் இரட்டைக் கையுறை போட்டுக்கொள்வான். உள்ளே பருத்தி, மேலே ரப்பர். நனைந்த பருத்திக் கையுறைகளை அம்மா துவைத்து மாடிக் கொடியில் காயப் போடுவாள். புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டுக்காரி அந்த வரிசையைப் பார்த்து மலைத்துப் போய், "உங்க வீட்ல மொத்தம் எத்தனை பேருங்க?" என்று கேட்டாளாம். "ஒரே பையன்தான். கைதான் நிறைய" என்று அம்மா சொன்னாளாம்.

கையில் குறை வைத்த கடவுள் தலையில் ஈடு கட்டியிருந்தார். ஒரு போனைத் திறந்தால் உள்ளே கடுகைவிடச் சின்ன ஸ்க்ரூக்கள் இருக்கும். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல. மரையும் ஒன்று. ஆனால் ஒன்று இன்னொன்றைவிட மயிரிழை நீளம். நீளமானதைக் குட்டை ஓட்டையில் போட்டு முடுக்கினால், அதன் நுனி கீழேயிருக்கும் போர்டைத் துளைத்து உள்ளே ஓடும் கம்பித் தடத்தை அறுத்துவிடும். போன் பிணமாகிவிடும். இதற்குப் பயந்து மற்ற கடைக்காரர்கள் கட்டம் போட்ட காந்தப் பலகை வைத்துக்கொண்டு, எந்தக் கட்டத்தில் எந்த ஸ்க்ரூ என்று பிரித்து வைப்பார்கள். இவன் துண்டின்மேல் அப்படியே கொட்டி வைப்பான். ஆனாலும் ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்பது அவனுக்குத் தெரியும். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் சில சமயம் வேண்டுமென்றே துண்டைக் கலைத்துவிட்டு வேடிக்கை பார்ப்பார். அவன் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

இப்படியிருந்த கடைக்குத்தான் அவள் வந்தாள்.

அவள் மருந்தியல் கல்லூரியில் மருந்து வேதியியல் நடத்தும் ஆசிரியை. ஆய்வகத் தொட்டியில் போனைப் போட்டுவிட்டு, நீர் சொட்டச் சொட்ட அதைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். அவன் அதைக் காய வைத்து, உப்புப் பிடித்த இடத்தை பிரஷ்ஷால் தேய்த்து, உயிர் கொடுத்துத் துண்டோடு நகர்த்தினான். அவள் சந்தோஷத்தில் கையை நீட்டினாள். அவன் சட்டென்று குனிந்து, கீழே விழாத ஸ்க்ரூ டிரைவரைத் தேட ஆரம்பித்தான்.

அதற்குப் பிறகு அந்தக் கல்லூரியின் போன்களுக்கு ஏதோ தொற்றுநோய் வந்ததுபோல ஆகிவிட்டது. வாரத்துக்கு ஒன்றாவது உடைந்தது. உடைந்தவற்றையெல்லாம் அவளே எடுத்துக்கொண்டு வந்தாள். பழுது பார்க்கும் நேரமெல்லாம் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து மாணவர்களின் அறிவீனத்தைப் பற்றிப் பேசினாள். அவன் சிரித்தான். ஜெராக்ஸ்காரர் ஒருநாள் எட்டிப் பார்த்து, "மாப்ளே, அந்தக் காலேஜ்ல பாடம் நடத்துறாங்களா, போனைப் போட்டு உடைக்கிறாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவள் காதுவரை சிவந்தாள். முப்பது தாண்டிய இரண்டு பேர் பள்ளிப் பிள்ளைகள்போல ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் வாயைத் திறந்தது அவள்தான். வரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து அப்பாவைப் பார்க்கச் சொன்னாள். அப்பா லாரிப் பட்டறையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். நல்லவர், ஆனால் ஒரு வழக்கம் உண்டு என்றாள். "யாரைப் பார்த்தாலும் முதல்ல கையைப் பிடிப்பார். பிடிச்ச பிடியிலயே ஆள் எப்படின்னு சொல்லிடுவாராம். பட்டறையில அப்படித்தான் ஆள் எடுப்பார்."

அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓடியது வியர்வை மட்டும்தான்.

இத்தனை நாளாகப் பழகியும் அவளிடம் தன் கையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. கையுறை தொழிலுக்கு என்றே அவள் நினைத்திருந்தாள். இப்போது போய் எப்படிச் சொல்வது? சொல்லாமல் போய் அந்தப் பெரியவர் கையில் தவளையைப் பிடித்ததுபோல் தன் கையைக் கொடுத்தால் அவர் முகம் எப்படிக் கோணும்? அந்தக் கோணலை அவள் பார்ப்பாளே! மறுநாளே தோல் டாக்டரிடம் போய் நின்றான்.

டாக்டரம்மா அவன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது வியாதியில்லை, வியர்வை நரம்புகள் கொஞ்சம் அதிகப் பிரசங்கித்தனம் செய்கின்றன, அவ்வளவுதான் என்றார். ஒரு மாத்திரை எழுதினார். தினம் ஒன்று, அதற்கு மேல் கூடாது என்றார். வாய் உலரும், கண் மங்கலாம், முக்கியமாக மறதி வந்தால் உடனே வந்து சொல்லுங்கள் என்றும் சொன்னார். அவன் தலையை ஆட்டினான். ஆட்டியதோடு சரி.

மாத்திரை தொண்டைக்குள் இறங்கிய சில நாளில் அந்த அதிசயம் நடந்தது. காலையில் எழுந்தவன் வழக்கம்போல் கையைப் போர்வையில் துடைத்தான். போர்வை நனையவில்லை. மறுபடி துடைத்தான். பிறகு கைகளைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தான். யாரோ வேறொருவனுடைய கைகள் போல, ரேகைகள் தெளிவாக, உலர்ந்து கிடந்தன. செய்தித்தாளை எடுத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தான். மை ஒட்டவில்லை. சுவரைத் தொட்டான், கண்ணாடியைத் தொட்டான். சமையலறைக்குப் போய் அம்மாவின் கன்னத்தைத் தொட்டான்.

அம்மா திரும்பிப் பார்த்தாள். கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. "டேய் கண்ணா" என்றவள் அதற்கு மேல் பேச முடியாமல் அவன் கையை எடுத்துத் தன் கன்னத்தில் இன்னொரு முறை வைத்துக்கொண்டு அழுதாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை இருவருமே பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாத்திரை போட்ட பிறகும் கையில் லேசாக ஈரம் தட்டுவதுபோல இருந்தது. பயம்தான் காரணம். அவன் யோசிக்காமல் இன்னொன்றையும் போட்டுக்கொண்டான். அன்று அவன் கை பாலைவனமாகிவிட்டது.

ஃபோர்மேன் வாசலிலேயே நின்றிருந்தார். அகன்ற தோள், வெள்ளை மீசை. வந்தவன் கையைப் பற்றி ஒரு முறுக்கு முறுக்கினார். அவன் அசையவில்லை. "நல்ல கை. காய்ஞ்ச மரம் மாதிரி" என்று மகளைப் பார்த்துச் சொன்னார். அவனுக்கு வானத்தில் பறப்பதுபோல இருந்தது. ஆனால் பறந்தவனுக்கு வாய் திறக்க முடியவில்லை. நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. என்ன கேட்டாலும் "ம்" என்றான், தண்ணீர் குடித்தான். சொம்பு காலியாக, இன்னொன்று வந்தது. அதிகம் பேசாத பிள்ளை என்று பெரியவருக்கு அவனை இன்னும் பிடித்துப் போயிற்று. புறப்படும்போது, பேட்டரி மாற்றச் சொல்லித் தன் போனையே எடுத்துக் கொடுத்தார். அடுத்த ஞாயிறு தாங்களே அவன் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பேசுவதாகவும் சொன்னார்.

அன்றிலிருந்து அவன் தினமும் இரண்டாகவே போட்டுக்கொண்டான். ஒன்றே இத்தனை நல்லது செய்தால் இரண்டு எத்தனை செய்யும் என்பது அவன் கணக்கு.

கெட்டது மெல்ல மெல்லத்தான் வந்தது. கடைச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே தேடினான். ஜெராக்ஸ்காரருடைய போனை அவரிடமே, "யாரோ விட்டுட்டுப் போயிட்டாங்கண்ணே" என்று கொடுத்தான். அவர் சிரித்தார். காதல் வந்தால் இப்படித்தான் என்று விளக்கமும் சொன்னார். பக்கத்தில் இருப்பது மங்கிற்று. ட்வீசரில் பிடித்த ஸ்க்ரூவை முழங்கை தூரத்துக்கு நீட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. துண்டின்மேல் கிடந்தவை எல்லாம் ஒரே மாதிரி தெரிந்தன. வாழ்க்கையிலேயே முதல்முறையாக, எது எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை.

அந்த நிலையில்தான் ஃபோர்மேனுடைய போனைத் திறந்து, பேட்டரி மாற்றி, மூடினான். அடுத்த தெருவுக்கு வேறு வேலையாக வந்திருந்த அவள், கடையில் எட்டிப் பார்த்து அதை வாங்கிக்கொண்டு போனாள். வீட்டுக்குப் போவதற்குள் போன் செத்துவிட்டது.

ஞாயிறு வந்தது. பெரியவரும் மகளும் வந்து கதவைத் தட்டியபோது அம்மா தலைகூட வாராமல் நின்றிருந்தாள். அவளுக்கு விஷயமே தெரியாது. அவன் சொல்ல மறந்துவிட்டான். அவனோ கடையில் இருந்தான். ஆள் அனுப்பி அழைத்ததும் ஓடி வந்தான். முகம் சிவந்து, உதடு வெடித்து, கண்மணி இரண்டும் அகல விரிந்து நின்ற அவனைப் பார்த்த பெரியவர் எழுந்துவிட்டார்.

பட்டறையில் ஒரு காலத்தில் நடந்த விபத்து அவர் மனதை விட்டு இன்னும் போகவில்லை. போதையில் வேலைக்கு வந்த ஒருவன் ஜாக்கியைச் சரியாக முட்டுக் கொடுக்காமல் விட, வண்டி இறங்கி வேறொருவனுடைய காலைக் கொண்டுபோய்விட்டது. அன்றிலிருந்து விரிந்த கண்ணையும் தடுமாறும் பேச்சையும் அவர் மன்னித்ததே இல்லை.

"கை நல்ல கைதான், தம்பி" என்றார் அமைதியாக. "ஆனா நீ என்னமோ எடுத்துக்கிற. என் பொண்ணை அப்படி ஒருத்தன்கிட்ட குடுக்க மாட்டேன்."

அவர் சொன்னது பாதி உண்மை. அதனால் அவனுக்கு மறுக்கவும் வாய் வரவில்லை. வந்தாலும் நாக்கு ஒட்டியிருந்தது. இந்த வாரம் முடிவதற்குள் சொந்தக்காரர்களிடம் பேச்சு முறிந்தது என்று சொல்லிவிடப் போவதாகச் சொல்லிப் பெரியவர் படியிறங்கினார். அவள் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை, ஏமாற்றம்தான் இருந்தது. கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பான். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, இவனுக்குக் கை நன்றாகத்தான் எட்டியது, வாய்தான் காலை வாரிவிட்டது.

மறுநாள் மதியம் அவள் கடைக்கு வந்தாள். அப்பாவின் செத்த போனைத் துண்டில் வைத்தாள். நேருக்கு நேர் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போய்விடுவது என்றுதான் வந்திருந்தாள். வந்தவள் கேட்காமல் நின்றாள். அவன் ஒரு ஸ்க்ரூவைக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துக்கொண்டு கண்ணைச் சுருக்கினான். நடுநடுவே உதட்டை நக்கினான். பக்கத்தில் காலித் தண்ணீர் பாட்டில்கள் வரிசையாக இருந்தன. அவள் குனிந்து அவன் கண்மணிகளைப் பார்த்தாள். ஒரு பாடத்தின் வரிகள் ஒவ்வொன்றாக அவன் முகத்தில் எழுதியிருந்தன. போன வாரம் அவள் வகுப்பில் நடத்திய பாடம்தான் அது.

"என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்று கேட்டாள்.

அவன் இல்லை என்று தலையாட்டினான். பிறகு, இனி இழக்க என்ன இருக்கிறது என்று நினைத்தவன்போல, இழுப்பறையிலிருந்து அட்டையை எடுத்து வைத்தான். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னான். வட்டத்தில் அறுந்து நின்றது, கொடியில் காய்ந்த கையுறைகள், அம்மாவின் கன்னம், எதையும் விடவில்லை. சொல்லி முடிக்க ஒரு பாட்டில் தண்ணீர் தேவைப்பட்டது.

அவள் அட்டையைத் திருப்பிப் பேரைப் படித்தாள். முதலில் உதடு துடித்தது. பிறகு சிரிப்பு பீறிட்டு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதாள். "இதைத்தான் நான் தினம் போர்டுல வரைஞ்சிட்டிருக்கேன்" என்றாள். "எதிர்ல உட்கார்ந்திருக்கிற ஆள்கிட்ட அதைக் கண்டுபிடிக்கத் தெரியல பாருங்க. என் கிட்ட படிக்கிறதுங்களைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?"

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் துண்டின்மேல் கிடந்த ஸ்க்ரூக்களில் ஒன்றை நகத்தால் தள்ளி வைத்தாள்.

நரம்பு நேராக வந்து வியர்வைச் சுரப்பியைத் தொடாது என்றாள். தன் நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற குட்டி மூலக்கூறைத் தூது விடும். அது போய் உட்கார ஓர் இருக்கை உண்டு. உட்கார்ந்ததும் ஊற்று திறக்கும். அந்தத் தூதனுக்கு வாலில் ஒரு நைட்ரஜன், கொஞ்சம் தள்ளிச் சின்னத் தலை. இந்த மாத்திரைக்கும் வாலில் நைட்ரஜன்தான், அதனால் அதே இருக்கையில் போய்ப் பொருந்திக்கொள்ளும். ஆனால் தலையில் பெரிய வளையங்கள் இரண்டு. உட்காருமே தவிர, வேலை செய்யாது. தூதனையும் உட்கார விடாது.

அவன் முகம் முதல்முறையாகத் தெளிந்தது. "மரை ஒண்ணு, தலை பெருசு. ஓட்டையில இறங்கிடும். இறுகவும் இறுகாது, சரியான ஸ்க்ரூவுக்கு இடமும் விடாது."

"அதேதான்" என்றாள் அவள். அதே இருக்கை வாயிலும் உண்டு, கண்ணிலும் உண்டு, குடலிலும் உண்டு என்று அடுக்கினாள். கைக்கு மட்டும் போ என்று மாத்திரைக்கு விலாசம் எழுதி அனுப்ப முடியாது. அதனால்தான் வாய் உலர்ந்தது, கண் மங்கியது. மூளையிலும் அதே இருக்கை உண்டு. அங்கே அதற்கு ஞாபக உத்தியோகம்.

"மூளைக்குக் காவல் இருக்குமே?" என்று கேட்டான் அவன்.

"இருக்கு. அங்க ரத்தக்குழாய்ச் சுவர் எண்ணெய்ப் படலம் மாதிரி. மின்னூட்டம் இருக்கிற பொருள் அதுக்குள்ள போகாது. உங்க மாத்திரையோட நைட்ரஜனுக்கு மூணு கைதான் நிலையா இருக்கு. நாலாவதா ஒரு ஹைட்ரஜனைப் பிடிச்சா மின்னூட்டம் வரும். ஆனா பிடிச்சதை விட்டுடும். விட்ட நேரம் பார்த்து நைசா உள்ள நழுவிடும். அதுவும் நீங்க ரெண்டு ரெண்டா அனுப்பியிருக்கீங்க."

அவன் தன் உலர்ந்த உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தான். இவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கை வேண்டுமென்றால் தலை போகும், தலை வேண்டுமென்றால் கை போகும்.

"இதே தலையில இன்னொண்ணு இருக்கு" என்றாள் அவள் மெதுவாக. "கிட்டத்தட்ட இதே வளையங்கள்தான். ஆனா நைட்ரஜனுக்கு நாலு கை. நாலும் கார்பனைப் பிடிச்சிருக்கு. பிடிச்சதை விடவே விடாது. அதனால எப்பவும் மின்னூட்டத்தோடவே இருக்கும். மூளை வாசல்லயே நின்னுடும், கிட்டத்தட்ட உள்ள போகவே போகாது."

"பிடிச்ச கையை விடாத கட்சி" என்றான் அவன்.

அவள் துண்டின்மேல் இருந்த அவன் கையின்மீது தன் கையை வைத்தாள். அப்புறம், தான் டாக்டர் இல்லை, எழுதிக் கொடுக்க வேண்டியவர் அவர்தான், முதலில் அவரிடம் போங்கள் என்று விரட்டினாள்.

டாக்டரம்மா அவனைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. மறதி வந்தால் உடனே சொல்லச் சொன்னேனே என்றார். "அதைத்தான் டாக்டர் மறந்துட்டேன்" என்றான். கோபப்பட ஆரம்பித்தவர் சிரித்துவிட்டார். இரட்டையாகப் போட்டதற்கு மட்டும் சிரிக்காமல் திட்டினார். வெயிலில் அலைந்திருந்தால் வியர்வை வராமல் உடம்பு கொதித்து விழுந்திருப்பாய் என்றார். பழையதை நிறுத்தினார். ஆசிரியை சொன்ன அந்த வகை மருந்து தமக்கும் தெரியும், நல்லதுதான், ஆனால் பழையது உடம்பை விட்டு முழுதாகப் போன பிறகுதான் தொடங்குவேன், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக என்று சொல்லிவிட்டார்.

அதாவது, பெரியவர் வைத்த கெடு முடிவதற்குள் கை உலரப் போவதில்லை.

இரண்டொரு நாளில் பார்வை திரும்பியது. எச்சில் திரும்பியது. ஒரு காலையில் துண்டைப் பார்த்தான், ஸ்க்ரூக்கள் ஒவ்வொன்றும் தன் ஊர் பேரைச் சொல்லின. கூடவே ஊற்றும் திரும்பியது. கையுறையை மாட்டிக்கொண்டு ஃபோர்மேனுடைய போனைத் திறந்தான். நினைத்தது சரி. குட்டை ஓட்டையில் நீள ஸ்க்ரூ ஏறி உட்கார்ந்திருந்தது. இத்தனை வருஷத் தொழிலில் முதல் துளை. மைக்ரோஸ்கோப்பின் கீழ் போர்டைச் சுரண்டி, அறுந்த தடத்தின் இரண்டு முனைகளையும் கண்டுபிடித்து, தலைமயிரைவிட மெல்லிய கம்பியை இடையில் வைத்துப் பற்றவைத்தான். திரையில் வெளிச்சம் வந்தது.

அம்மா, புது மாத்திரை வேலை செய்கிற வரைக்கும் பொறுத்துப் போகச் சொன்னாள். ஜெராக்ஸ்காரர், கையுறையோடு போகச் சொன்னார். அவன் இரண்டையும் கேட்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு வெறுங்கையோடு போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டினான்.

பெரியவர் மின்விசிறியைக் கழற்றித் தரையில் பரப்பி வைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். முதலில் கண்ணைத்தான் பார்த்தார். கண்மணி சரியாக இருந்தது. அவன் போனை நேராக அவர் கையிலேயே வைத்தான். கண்ணாடித் திரையில் அவன் ஐந்து விரலும் நீராகப் பதிந்து நின்றன. அவர் அதைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

"இதுதாங்க என் கை" என்றான். "அன்னிக்கு நீங்க பிடிச்சது மாத்திரையோட கை. இதை மறைக்கத்தான் மாத்திரை சாப்பிட்டேன். அது தலைக்குப் போயிடுச்சு. வேற எந்தப் பழக்கமும் எனக்கு இல்ல."

திரும்பக் கிடைத்த எச்சிலால் அவன் அதற்கு மேலும் பேசினான். நீள ஸ்க்ரூவைப் போட்டு போனைக் கொன்றது தான்தான் என்றும் சொன்னான். உள்ளறைக் கதவுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம்கூட இல்லை. கையிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது.

பெரியவர் எழுந்தார். தோளில் கிடந்த துணியால் தன் கையிலிருந்த எண்ணெயைத் துடைத்தார். பிறகு அந்தத் துணியாலேயே அவன் கையைத் துடைத்தார். துடைத்த இடத்தில் மறுபடி நீர் கோத்தது. அவர் அந்தக் கையை அப்படியே பற்றிக்கொண்டார். முறுக்கவில்லை.

"பட்டறையில நான் பிடிச்ச கையில எதுவுமே சுத்தமா இருந்ததில்ல தம்பி. கிரீஸ் இருக்கும், டீசல் இருக்கும். எவனும் வெட்கப்பட்டதில்ல. உப்புத்தண்ணிக்குப் போய் மருந்து தின்னியா?" என்றார். குரல் கரகரத்தது. "போதைன்னு சொல்லிட்டேன். அது என் தப்பு. முன்னாடியே வாயைத் திறந்து சொல்லக் கூடாதா?"

"நாக்கு மேல ஒட்டிக்கிச்சுங்க."

உள்ளறையில் அடக்கி வைத்திருந்த சிரிப்பு வெடித்தது. பெரியவரும் சிரித்தார். சிரித்தபடி, பிடித்த கையை விடாமலேயே, "வெளிய வா. ஒட்டுக் கேட்டது போதும்" என்று மகளைக் கூப்பிட்டார்.

கல்யாணம் பதிவு அலுவலகத்தில் நடந்தது. புது மருந்து அதற்குள் மெல்ல வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. மின்னூட்டம் உள்ளது குடலிலும் சுலபத்தில் ஏறாதாம், அதனால் அதை வெறும் வயிற்றில்தான் போட வேண்டும். பிள்ளை காலையில் சுடச்சுடச் சாப்பிடுவதில்லை என்று அம்மாவுக்கு மருமகள்மேல் அந்த ஒரு குறைதான். வாய் இன்னமும் கொஞ்சம் உலரும். உச்சி வெயிலில் அவனை அவள் வெளியே விடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, டாக்டரம்மாவைக் கேட்டுக்கொண்டு அன்றைக்கு மாத்திரையும் கிடையாது. அன்று ஊற்று அதன் இஷ்டத்துக்கு ஓடும், அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் கடைத்தெருவில் நடப்பாள்.

வகுப்பில் மூன்று கை நைட்ரஜனுக்கும் நான்கு கை நைட்ரஜனுக்கும் உள்ள வித்தியாசத்தை நடத்தும்போது, பேர் சொல்லாமல் ஒரு நோயாளியின் கதையைச் சொன்னாள். பேர் சொல்லாவிட்டால் மட்டும் தெரியாமல் போகுமா? மறுநாள் மாணவர் கூட்டம் உடையாத போன்களைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்து அவனை வேடிக்கை பார்த்துவிட்டுப் போயிற்று.

அவன் வாழ்க்கையில் ஒரே ஒரு வசதிதான் குறைந்து போயிற்று. ஒரு சாயங்காலம் அவள் வாங்கி வரச் சொன்ன சோப்பு இல்லாமல் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து நின்றான். "மாத்திரை சாப்பிடறேன் இல்ல டீச்சர், அதான் மறந்துட்டேன்" என்றான் பாவமாக முகத்தை வைத்துக்கொண்டு.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது வாசல்லயே நிக்கிற மாத்திரை. உள்ள போகல. வேற சாக்கு இருந்தா சொல்லுங்க, இல்லைன்னா செருப்பைக் கழட்டாம அப்படியே திரும்பிப் போய் வாங்கிட்டு வாங்க."

அவன் திரும்பிப் போனான்.